ஹேண்ட்லர் ஓடும்போது ஏவிஎக்ஸ் ரெஜிஸ்டர்கள் எங்கே போய் உட்கார்கின்றன?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். லினக்ஸில், எக்ஸ்86-64 கணினியில் ஓடும் ஒரு சி நிரல். ஒவ்வொரு த்ரெட்டுக்கும் 2048 பைட் ஸ்டேட்டிக் வரிசை ஒன்றை ஒதுக்கி, அதைச் சிக்ஆல்ட்ஸ்டாக் என்ற சிஸ்டம் கால் மூலம், ஹேண்ட்லர் (சிக்னல் வந்ததும் நிரலைக் குறுக்கே நிறுத்திவிட்டு ஓடும் ஃபங்ஷன்) ஓடுவதற்கான மாற்று ஸ்டாக்காகப் பதிவு செய்திருக்கிறீர்கள். பழைய மடிக்கணினியில் சிக்கல் இல்லை. ஏவிஎக்ஸ்-512 (சிபியூவின் அகலமான வெக்டர் ரெஜிஸ்டர்களைக் கொண்ட ஏவிஎக்ஸ் வசதியின் பெரிய வடிவம்) உள்ள ஒரு சர்வரில் பழைய கெர்னலோடு ஓட்டியபோது சம்பந்தமே இல்லாத ஒரு மாறியின் மதிப்பு தானாக மாறியது. அதே சர்வரில் கெர்னலைப் புதுப்பித்தவுடன் சிக்னல் வந்த கணமே நிரல் செக்மென்டேஷன் ஃபால்ட்டில் விழுகிறது. கூடவே இரண்டு சந்தேகங்கள்: ஹேண்ட்லருக்குள் ஏவிஎக்ஸ் கட்டளைகளைப் பயன்படுத்தலாமா? குறுக்கே நிறுத்தப்பட்ட நிரலின் ரெஜிஸ்டர்கள் பத்திரமாகத் திரும்புமா?

இந்த இரண்டு சந்தேகங்களுக்கும் பதில் சுலபம். ஹேண்ட்லருக்குள் தாராளமாகப் பயன்படுத்தலாம்; நிறுத்தப்பட்ட இடத்தின் ரெஜிஸ்டர்கள் அப்படியே திரும்பி வரும். ஆனால் எங்கே வைக்கப்பட்டுத் திரும்புகின்றன என்பதில்தான் உங்கள் முதல் சிக்கலுக்கான விடை இருக்கிறது. கெர்னல் அவற்றைத் தன்னிடம் வைத்துக்கொள்வதில்லை. உங்கள் ஸ்டாக்கிலேயே எழுதிவைத்துவிட்டுப் போகிறது. நீங்கள் கேட்டதும், கெர்னல் எழுதுகிறவர்கள் பத்து வருடங்களுக்கு மேலாகத் தலையைப் பிய்த்துக்கொண்டதும் எல்லாம் இந்த ஒரு முடிவிலிருந்து முளைத்தவைதான்.

ஒரு பிராசஸிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது கெர்னல் ரெஜிஸ்டர்களைத் தன் சொந்த நினைவகத்தில், அந்த டாஸ்க்குக்கென்று இருக்கும் இடத்தில் சேமிக்கிறது. ஒரு டாஸ்க்குக்கு ஓர் இடம் போதும், கணக்கு சரியாகிவிடும். சிக்னலுக்கு அது போதாது. ஒரு ஹேண்ட்லர் ஓடிக்கொண்டிருக்கும்போதே இன்னொரு சிக்னல் வரலாம், அதற்குள் மூன்றாவது வரலாம். ஹேண்ட்லர் திரும்பி வரவே வராமல் சிக்லாங்ஜம்ப் போட்டு, முன்பே குறித்துவைத்த இடத்துக்கு வெளியே குதித்துவிடலாம். குதித்ததைக் கெர்னலிடம் யாரும் சொல்வதில்லை. இதையெல்லாம் கெர்னலே நினைவில் வைத்துக்கொண்டால் எத்தனை பிரதி வைப்பது, எப்போது தூக்கிப்போடுவது? அதனால் யூனிக்ஸ் வேறு வழியில் போனது: நிறுத்தப்பட்ட நிலையை யூசர் ஸ்டாக்கில் ஒரு ஃப்ரேமாக எழுது, ஹேண்ட்லர் முடிந்ததும் சிக்ரிட்டர்ன் என்ற சிஸ்டம் காலை அழைக்கச் சொல், அப்போது அந்த ஃப்ரேமைப் படித்து எல்லாவற்றையும் மீட்டுவிடு. நடுவில் என்ன நடந்தாலும் கெர்னலுக்கு ஞாபகம் வைத்துக்கொள்ள எதுவும் இல்லை.

எக்ஸ்86-64 லினக்ஸில் அந்த ஃப்ரேம் எப்படி இருக்கிறது என்று பார்ப்போம். ஸ்டாக் பாயிண்டருக்குக் கீழே 128 பைட்டைக் கெர்னல் முதலில் தாண்டிக்கொள்ளும். அது ரெட் ஸோன், கம்பைலர் அங்கே ஏதாவது வைத்திருக்கக்கூடும். மாற்று ஸ்டாக்குக்கு மாறினால் இந்தத் தாண்டல் தேவையில்லை. அப்புறம் 64-இன் மடங்காக வரும் முகவரியில் ஏவிஎக்ஸ் உட்பட விரிவான ரெஜிஸ்டர் நிலை. அதற்குக் கீழே திரும்பும் முகவரி, சாதாரண ரெஜிஸ்டர்கள், சிக்னல் மாஸ்க், சிக்னல் விவரம் எல்லாம் சேர்ந்து 440 பைட். சாதாரண ரெஜிஸ்டர்களின் பகுதிக்குள் ஒரு பாயிண்டர் மேலே உள்ள விரிவான நிலையைக் காட்டும். இந்த 440 பைட் பல வருடங்களாக அப்படியே நிற்கிறது. வளர்ந்துகொண்டே போவது மேல் பகுதிதான்.

எப்படி வளர்ந்தது என்று எண்களைப் பார்த்தாலே புரியும். எக்ஸ்87 என்ற பழைய மிதவைப்புள்ளி அலகு மட்டும் இருந்த காலத்தில் எஃப்சேவ் கட்டளை 108 பைட் எழுதியது. ஏவிஎக்ஸுக்கு முந்தைய எஸ்எஸ்இ என்ற வெக்டர் நீட்டிப்பு வந்தபோது எஃப்எக்ஸ்சேவின் 512 பைட். அதற்குமேல் ஒவ்வொரு புது வசதிக்கும் ஒரு புதுக் கட்டளை போடுவது நடக்காது என்பதால் எக்ஸ்சேவ் வந்தது: பழைய 512, அதன் பின் 64 பைட் தலைப்பு, அதன் பின் ஒவ்வொரு வசதிக்கும் ஒரு துண்டு. ஏவிஎக்ஸ் துண்டு 256 பைட், ஆக மொத்தம் 832. ஏவிஎக்ஸ்-512 மூன்று துண்டுகளைக் கொண்டுவந்தது: மாஸ்க் ரெஜிஸ்டர்களுக்கு 64, முதல் 16 ரெஜிஸ்டர்களின் மேல் பாதிக்கு 512, புதிய 16 ரெஜிஸ்டர்களுக்கு 1024. இன்டெல் சர்வர்களில் இது 2688-இல் போய் நிற்கிறது. இன்டெல்லின் ஏஎம்எக்ஸ் என்ற அணிக்கணக்கு நீட்டிப்பு வந்தபோது, அதன் ஓடுகள் (டைல் எனப்படும் பெரிய ரெஜிஸ்டர்கள்) தரவு மட்டுமே 8192 பைட், மொத்தம் 11008.

இடையில் ஒரு விஷயம். 832-ஐயும் இந்த மூன்று துண்டுகளின் 1600-ஐயும் கூட்டிப் பார்த்தால் 2688 வரவில்லையே என்று சிலர் கேட்பார்கள். வராதுதான், ஏனென்றால் நடுவில் காலி மனைகள் இருக்கின்றன. எம்பிஎக்ஸ் என்ற வசதிக்காக 960-இலிருந்து 128 பைட் ஒதுக்கப்பட்டது. அந்த வசதியை யாரும் பெரிதாகப் பயன்படுத்தவில்லை, லினக்ஸ் 5.6-இல் ஆதரவையே நீக்கிவிட்டார்கள். ஆனால் பின்னால் வந்த துண்டுகளின் இடத்தை நகர்த்த முடியாது, ஏற்கெனவே எழுதிய நிரல்கள் அந்த இடத்தில்தான் தேடும். ஏபிஎக்ஸ் என்ற புதிய நீட்டிப்பு தன் 16 கூடுதல் ரெஜிஸ்டர்களை இப்போது அதே மனையில் குடிவைக்கிறது. ஏஎம்டியின் ஸென் 4 எம்பிஎக்ஸை ஆதரித்ததே இல்லை, அதனால் அங்கே துண்டுகள் நெருக்கமாக அடுக்கப்பட்டு மொத்தம் 2440 ஆகிறது. இடங்களை நிரலுக்குள் எண்ணாக எழுதிவைக்காதீர்கள். சிபியூ தன் வசதிகளைச் சொல்லும் கட்டளையான சிபியூஐடியின் 13-ஆம் பிரிவைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஜிடிபி டீபக்கரே நெடுநாள் இன்டெல்லின் அடுக்கை நம்பியிருந்து, ஏஎம்டிக்காகப் பின்னால் திருத்த வேண்டியதாயிற்று.

சரி, உங்கள் 2048-க்கு வருவோம். அது மின்-சிக்-ஸ்டாக்-சைஸ் என்ற ஹெடர் மாறிலியின் மதிப்பு. வழக்கமான அளவு என்று சொல்லப்பட்ட இன்னொரு மாறிலி 8192. இந்த எண்கள் எஸ்எஸ்இ காலத்து உலகத்துக்குத் தைத்த சட்டை. உங்கள் மடிக்கணினியில் ஏவிஎக்ஸ் வரைதான் இருக்கிறது என்றால் 832-உம் 440-உம், முகவரியை நேர்செய்யும் இடைவெளியும் சேர்ந்து 1350 பைட்டுக்கு அக்கம்பக்கம். 2048-இல் அடங்கும், ஹேண்ட்லர் ஓட 700 பைட் மிச்சம் இருக்கும். சிறிய ஹேண்ட்லர் என்றால் தப்பித்துவிடும். ஏவிஎக்ஸ்-512 உள்ள சர்வரில் ஃப்ரேம் மட்டுமே 3100-ஐத் தாண்டிவிடும். உங்கள் நிரலில் ஏவிஎக்ஸ்-512 கட்டளை ஒன்றுகூட இல்லை என்றாலும் அப்படித்தான். கெர்னல் கணக்குப் போடுவது அந்தக் கணினியில் இயக்கிவைக்கப்பட்ட வசதிகளைப் பார்த்து, நீங்கள் எதைத் தொட்டீர்கள் என்பதைப் பார்த்து அல்ல.

அப்படியானால் சிக்ஆல்ட்ஸ்டாக் ஏன் பிழை காட்டவில்லை? அது பார்த்தது நீங்கள் கொடுத்த அளவு 2048-க்குக் குறைவா என்று மட்டும்தான். சிக்னல் வந்தபோது பழைய கெர்னல் மாற்று ஸ்டாக்கின் உச்சியிலிருந்து 3100 பைட் கீழே எழுதியது. 2048-க்குக் கீழே யாருடைய இடம் இருந்ததோ அதன்மேல் எழுதியது. உங்கள் வரிசை ஸ்டேட்டிக்காக அறிவிக்கப்பட்டது என்பதால் அங்கே இருந்தது உங்கள் வேறொரு மாறி. ஏற்கெனவே மாற்று ஸ்டாக்கில் ஓடிக்கொண்டிருக்கும்போது இன்னொரு சிக்னல் வந்தால் வழிகிறதா என்று பார்க்கும் சோதனை அப்போதே இருந்தது. முதல்முறை உள்ளே நுழையும்போதே வழிகிறதா என்று பார்க்கும் சோதனைதான் இல்லை. 2021-இல் வந்த லினக்ஸ் 5.14 அந்த ஓட்டையை அடைத்தது: ஃப்ரேம் அடங்காது என்றால் எழுதுவதையே விட்டுவிட்டு, பிராசஸுக்குச் செக்மென்டேஷன் ஃபால்ட் கொடுக்கிறது. புதுக் கெர்னல் உங்கள் நிரலைக் கெடுத்துவிட்டது என்று தோன்றும். முன்பு சத்தமில்லாமல் நடந்த திருட்டை இப்போது வாசலிலேயே பிடிக்கிறார்கள், அவ்வளவுதான்.

அதே 5.14-இல் கெர்னல் இன்னொரு காரியமும் செய்தது. பிராசஸ் தொடங்கும்போது கெர்னல் கொடுக்கும் துணைத் தகவல் வரிசையில், ஏடி-மின்-சிக்-ஸ்டாக்-சைஸ் என்ற பெயரில் இந்தக் கணினியில் ஃப்ரேம் அதிகபட்சம் எவ்வளவு பெரிதாகலாம் என்ற எண்ணைச் சேர்த்தது. ஏவிஎக்ஸ்-512 கணினியில் அது கிட்டத்தட்ட 3600 என்று வரும்; மோசமான நிலைக்கான இடைவெளிகளும் அதில் அடங்கும் என்பதால் நாம் மேலே கூட்டியதைவிடச் சற்று அதிகம். ஏஆர்எம்-64 இதை எஸ்விஇ என்ற தன் வெக்டர் நீட்டிப்புக்காக முன்பே செய்துவிட்டது, எக்ஸ்86 பின்னால் வந்து சேர்ந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் வெளிவந்த ஜிலிப்சி (லினக்ஸின் வழக்கமான சி நூலகம்) 2.34, க்னூ நீட்டிப்புகளை இயக்கியிருந்தால் 8192 என்ற மாறிலியை மாறிலியாகவே விடவில்லை. சிஸ்கான்ஃப் அழைப்பாக மாற்றிவிட்டது. அந்த மாறிலியைக் கொண்டு ஸ்டேட்டிக் வரிசை அறிவித்திருந்த நிரல்கள் எல்லாம் கம்பைல் ஆகாமல் நின்றன. கேட்ச்2 என்ற சோதனை நூலகத்தைப் பயன்படுத்திய எத்தனையோ திட்டங்கள் அந்த மாதம் சிவப்பு விளக்கோடு நின்றதைப் பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும். நானும் அப்போது ஒரு வரிசைக்கு 16384 என்று கையால் எழுதிவிட்டு வேறு வேலைக்குப் போனவன்தான், அதை இங்கே பெருமையாகச் சொல்லவில்லை.

ஸ்டாக்கில் எழுதுவதில் அளவுச் சிக்கலைவிட நுட்பமான ஒன்று உண்டு. யூசர் பக்கம் நினைவகத்தில் இல்லாமல்கூட இருக்கலாம். ஒதுக்கிய நினைவகத்தை முதல்முறை தொடும்போதுதான் கெர்னல் உண்மையான பக்கத்தைக் கொடுக்கும். மாற்று ஸ்டாக் என்பது முதல் சிக்னல் வரும்வரை யாரும் தொடாத இடம். ஆக, கெர்னல் எக்ஸ்சேவ் போடும்போது பேஜ் ஃபால்ட் (பக்கம் இல்லை என்ற தடங்கல்) வருவது அபூர்வம் அல்ல, எதிர்பார்க்க வேண்டிய விஷயம்.

இங்கேதான் 2019-இல் ஒரு வேடிக்கையான பூச்சி, அதாவது நிரல் பிழை, நுழைந்தது. இந்தத் தலைப்பில் எனக்குத் தெரிந்த கதைகளில் இதுதான் சிறந்தது, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

லினக்ஸ் 5.2-இல் மிதவைப்புள்ளி ரெஜிஸ்டர்களைக் கையாளும் முறையை மாற்றினார்கள். டாஸ்க் மாறியவுடனே புது டாஸ்க்கின் ரெஜிஸ்டர்களை ஏற்றாமல், அது யூசர் பக்கம் திரும்பும் கடைசி நிமிடம்வரை தள்ளிப்போடுவது. கெர்னலுக்குள்ளேயே சுற்றிவிட்டு மறுபடி மாறிவிடும் டாஸ்க்குகளுக்கு வீண் வேலை மிச்சம். இதற்காக ஒவ்வொரு சிபியூவும், என் ரெஜிஸ்டர்களில் இப்போது இருப்பது யாருடைய நிலை என்று ஒரு பாயிண்டர் வைத்திருக்கும். முன்பு ஒரு டாஸ்க்கின் பார்வையில் இந்தப் பாயிண்டர் மாறவே மாறாது. அதனால் அதை ஒருமுறை படித்தால் போதும், திரும்பப் படிக்காதே என்று கம்பைலருக்கு அனுமதி கொடுக்கும் வகையில்தான் குறியீடு எழுதப்பட்டிருந்தது. 5.2-க்குப் பிறகு அந்த உத்தரவாதம் செத்துவிட்டது. அனுமதிச் சீட்டை மட்டும் யாரும் திரும்ப வாங்கவில்லை.

சிக்னல் ஃப்ரேம் எழுதும் ஃபங்ஷன் இப்படி வேலை செய்தது: பூட்டு, ரெஜிஸ்டர்கள் என்னுடையவைதானா என்று பார், யூசர் ஸ்டாக்கில் எக்ஸ்சேவ் போடு. பேஜ் ஃபால்ட் வந்தால் பூட்டைத் திற, பக்கத்தை வரவழை, முதலிலிருந்து மறுபடி செய். பூட்டு திறந்திருக்கும் அந்த இடைவெளியில் வேறொரு டாஸ்க் அந்த சிபியூவில் ஓடி, தன் ரெஜிஸ்டர்களை ஏற்றிவிடலாம். திரும்ப வந்ததும், ரெஜிஸ்டர்கள் என்னுடையவைதானா என்ற சோதனைக்கு, உன்னுடையவை இல்லை என்ற பதில் வர வேண்டும். ஜிசிசி 9 அந்தப் பாயிண்டரை முதல் சுற்றில் படித்து வைத்துக்கொண்டு, இரண்டாவது சுற்றில் அதே பழைய மதிப்பைப் பயன்படுத்தியது. ஆமாம், உன்னுடையவைதான் என்றது. அடுத்தவருடைய ரெஜிஸ்டர்கள் உங்கள் ஃப்ரேமில் எழுதப்பட்டன. ஹேண்ட்லர் முடிந்து திரும்பும்போது உங்கள் நிரல் யாருடைய எண்களையோ தன் எண்கள் என்று நம்பி ஓடியது. ஜிசிசி 8-ஆல் கம்பைல் செய்த கெர்னலில் இது வெளிப்படவில்லை என்பது தேடுபவர்களை இன்னும் குழப்பியது.

இதைப் பிடித்தது கெர்னல்காரர்கள் அல்ல, கோ மொழிக்காரர்கள். கோ 1.14-க்காக அவர்கள் ஒரு புது வழியைச் சேர்த்துக்கொண்டிருந்தார்கள்: ஓடிக்கொண்டிருக்கும் கோருட்டீனை (கோவின் இலகுவான த்ரெட்டை) நடுவில் நிறுத்த, த்ரெட்டுக்கு எஸ்ஐஜி-அர்ஜ் சிக்னலை அனுப்புவது. சாதாரண நிரலில் எப்போதாவது வரும் சிக்னல், கோ நிரல்களில் மழைபோல் வர ஆரம்பித்தது. கோவின் சிக்னல் ஸ்டாக் 32 கேபி, அளவில் குறையே இல்லை. ஆனால் புதிதாகப் பிறந்த த்ரெட்டின் சிக்னல் ஸ்டாக் இன்னும் யாரும் தொடாத பக்கம். முதல் சிக்னலே பேஜ் ஃபால்ட் பாதையில் போகும். நினைவகத்தை நகலெடுக்கும் குறியீடு வெக்டர் ரெஜிஸ்டர்களை நம்பித்தான் ஓடுகிறது, அதனால் விளைவு விளக்க முடியாத நினைவகச் சிதைவாகத் தெரிந்தது. தங்கள் கார்பேஜ் கலெக்டரில்தான் (பயன்படாத நினைவகத்தை மீட்கும் பகுதியில்தான்) பிழை என்று முதலில் தேடியிருப்பார்கள், யாராக இருந்தாலும் அப்படித்தான் தேடுவார்கள்.

கெர்னலில் திருத்தம் ஒரு சொல் அளவுதான்: திரும்பப் படிக்காதே என்ற வகைப் படிப்பை, ஒவ்வொரு முறையும் படி என்ற வகைப் படிப்பாக மாற்றினார்கள். 5.3.15, 5.4.2 பதிப்புகளில் அது சேர்ந்தது. ஆனால் ஏற்கெனவே வெளியே இருக்கும் கெர்னல்களை என்ன செய்வது? கோ 1.14, கெர்னல் பதிப்பு எண்ணைப் பார்த்து, சந்தேகத்துக்குரியது என்றால் சிக்னல் ஸ்டாக்கின் மேல் பக்கத்தை எம்லாக் போட்டுப் பூட்டிவைத்தது. பூட்டிய பக்கத்தில் பேஜ் ஃபால்ட் வராது. புத்திசாலித்தனம்தான், ஆனால் பூட்டக்கூடிய நினைவகத்துக்கு ஒரு வரம்பு உண்டு. கன்டெய்னர்களுக்குள் அந்த வரம்பு சின்னது, த்ரெட்கள் பெருகியதும் எம்லாக் தோற்று நிரல் நின்றது. உபுண்டு போன்ற விநியோகங்கள் திருத்தத்தைத் தங்கள் பழைய எண்ணுள்ள கெர்னலிலேயே சேர்த்திருந்தன. எண்ணை மட்டும் பார்த்தால் அது தெரியாது. ஆகவே நலமாக இருந்த கணினிகளிலும் இந்த வைத்தியம் நடந்தது. பதிப்பு எண்ணை வைத்துப் பூச்சியை ஊகிக்கும் குறியீட்டை எங்கே பார்த்தாலும் எனக்கு இந்தக் கதைதான் நினைவுக்கு வரும்.

இனி எதிர்ப்பக்கம், அதாவது திரும்பும் வழி. ஃப்ரேம் உங்கள் ஸ்டாக்கில் இருக்கிறது என்றால் அதை நீங்கள் திருத்தவும் முடியும். இது குறை அல்ல, வேண்டுமென்றே கொடுத்த உரிமை. மிதவைப்புள்ளிப் பிழைச் சிக்னலைப் பிடித்து, ஃப்ரேமில் உள்ள ரெஜிஸ்டர் மதிப்பைச் சரிசெய்துவிட்டுத் திரும்பும் நிரல்கள் உண்டு. ஆனால் கெர்னலின் பார்வையில், சிக்ரிட்டர்னில் வருவது நம்பத்தகாத ஒருவர் கையில் போய்வந்த கடிதம். வரிவரியாகச் சரிபார்த்தாக வேண்டும்.

சரிபார்ப்பில் ஒன்று எனக்குப் பிடித்தது. பழைய 512 பைட்டுக்குள் கடைசி 48 பைட்டை மென்பொருளுக்கென்று விட்டிருக்கிறார்கள். கெர்னல் அங்கே ஒரு மாய எண்ணையும், எந்தெந்தத் துண்டுகள் உள்ளன, அளவு எவ்வளவு என்பதையும் எழுதுகிறது. மொத்த நிலையும் முடிந்த இடத்தில் இரண்டாவது மாய எண் ஒன்று. ஏன் இரண்டு? எக்ஸ்சேவ் வருவதற்கு முன் எழுதிய ஒரு நிரல், ஃப்ரேமை வேறு இடத்துக்கு நகலெடுக்கும்போது 512 பைட் மட்டும் நகலெடுத்திருக்கும், அதற்கு மேல் எதுவும் இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. முதல் மாய எண் கூடவே நகலாகிவிடும். அதை மட்டும் நம்பினால் கெர்னல் பின்னால் இருக்கும் குப்பையை ஏவிஎக்ஸ் ரெஜிஸ்டர்களில் ஏற்றிவிடும். கடைசி மாய எண் இல்லை என்றால், சரி, இவரிடம் பழைய பகுதி மட்டும்தான் இருக்கிறது என்று கெர்னல் புரிந்துகொள்ளும்.

எல்லாச் சரிபார்ப்பும் இவ்வளவு அழகாக அமையவில்லை. எக்ஸ்சேவ்ஸ் என்ற கட்டளை உள்ள கணினிகளில், கெர்னல் தனக்குள் சேமிக்கும்போது அதன் நெருக்கமான வடிவத்தைப் பயன்படுத்துகிறது. உங்கள் ஸ்டாக்கில் மட்டும் இடைவெளிகளோடு கூடிய நிலையான வடிவம், ஏனென்றால் அது வெளியே கொடுத்த வாக்கு. எக்ஸ்சேவ்ஸ் இல்லாத கணினிகளில் கெர்னல் தனக்குள்ளும் அந்த நிலையான வடிவத்தையே வைத்திருக்கும்; அங்கே 2017-இல் ஒரு பாதுகாப்பு ஓட்டை தெரிந்தது, சிவிஇ-2017-15537. ஃப்ரேமின் தலைப்பில் பூஜ்யமாக இருக்க வேண்டிய ஒரு புலத்தில் வேண்டுமென்றே வேறு மதிப்பை எழுதினால் மீட்கும் கட்டளை தோற்கும். கெர்னல் எச்சரிக்கை மட்டும் அச்சிட்டுவிட்டு மேலே போனது. ரெஜிஸ்டர்களில் அதற்கு முன் ஓடிய வேறொரு பிராசஸின் மதிப்புகள் அப்படியே கிடந்தன. மறைகுறியாக்கச் சாவிகள் அந்த வெக்டர் ரெஜிஸ்டர்களில்தான் நடமாடுகின்றன என்பதை யோசித்தால் இது எவ்வளவு தீவிரம் என்று விளங்கும்.

இன்னொன்று சிவிஇ-2024-26603. ஃப்ரேமில் எழுதியிருக்கும் அளவை யூசர் குறைத்துவிட்டு, உண்மையான நிலையின் பின்பாதி விழும் பக்கத்தை நினைவகத்திலிருந்து எடுத்துவிடுகிறார். மீட்கும் கட்டளை அங்கே பேஜ் ஃபால்ட்டில் மாட்டும். கெர்னல், யூசர் சொன்ன சின்ன அளவை நம்பி, அந்த அளவுக்கான பக்கங்களை மட்டும் வரவழைத்துப் பார்க்கும். அவை இருக்கின்றன. மறுபடி முயலும். மறுபடி மாட்டும். இப்படியே முடிவில்லாமல் சுற்றும். இப்போது அந்த அளவைக் கெர்னல் தன் சொந்தக் கணக்கிலிருந்து எடுத்துக்கொள்கிறது.

ஹேண்ட்லருக்குள் என்ன நிலை இருக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஃப்ரேமை எழுதி முடித்ததும் கெர்னல் எல்லா விரிவான ரெஜிஸ்டர்களையும் ஆரம்ப நிலைக்குத் துடைத்துவிடுகிறது. வெக்டர் ரெஜிஸ்டர்கள் பூஜ்யம்; ரவுண்டிங் போன்ற அமைப்புகளை வைத்திருக்கும் எம்எக்ஸ்சிஎஸ்ஆர் ரெஜிஸ்டர் 0-எக்ஸ்-1எஃப்80. நீங்கள் ரவுண்டிங் முறையை மாற்றி வைத்திருந்தால் ஹேண்ட்லருக்குள் அது தெரியாது. சாதாரணமாகத் திரும்பினால் பழையபடி வந்துவிடும். சிக்லாங்ஜம்ப் போட்டு வெளியே குதித்தால் வராது. குதிக்க வேண்டிய இடத்தைக் குறித்துவைக்கும் ஜிலிப்சியின் செட்ஜம்ப் எம்எக்ஸ்சிஎஸ்ஆரைச் சேமிப்பதில்லை. வெக்டர் ரெஜிஸ்டர்கள் போனாலும் பரவாயில்லை, ஃபங்ஷன் அழைப்பைத் தாண்டி அவை நிலைக்கும் என்று இந்த ஏபிஐயில் யாரும் நம்புவதில்லை. ரவுண்டிங், டீநார்மல் எண்களைப் பூஜ்யமாக்கும் அமைப்பு இரண்டையும் குதித்து இறங்கிய இடத்தில் நீங்களே மறுபடி வைக்க வேண்டும். எண்கணித நிரல்களில் பிழை கடைசித் தசமத்தில் மட்டும் வந்தால் இங்கேயும் ஒரு பார்வை பாருங்கள்.

ஏஎம்எக்ஸ் வந்தபோது கெர்னல் பக்கம் முதல்முறையாக முரண்டு பிடித்தார்கள். எல்லா பிராசஸின் ஃப்ரேமிலும் 8 கேபி கூடினால், 8192 பைட் மாற்று ஸ்டாக் வைத்திருக்கும் அத்தனை பழைய நிரலும் ஒரே நாளில் உடைந்துவிடும். ஆகவே லினக்ஸ் 5.16-இல் ஏஎம்எக்ஸ் வேண்டும் என்று கேட்டு வாங்க வேண்டியதாக்கினார்கள். ஆர்ச்-பிஆர்சிடிஎல் சிஸ்டம் காலில் அனுமதி கேட்க வேண்டும். அப்போது கெர்னல் பிராசஸின் எல்லா த்ரெட்களின் மாற்று ஸ்டாக்குகளையும் பார்க்கும். ஒன்று சின்னதாக இருந்தாலும் இடமில்லை என்று மறுத்துவிடும். அனுமதி இல்லாமல் ஓடு ரெஜிஸ்டரைத் தொட்டால் சட்டவிரோதக் கட்டளை என்று சிக்னல். அனுமதி வாங்கியவர்களுக்கும், ஓடுகள் ஆரம்ப நிலையில் இருந்தால் அந்தத் துண்டு ஃப்ரேமில் எழுதப்படாது. எழுதப்பட்டதா என்பதைத் தலைப்பில் உள்ள பிட்டைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். பல வருடம் சத்தமில்லாமல் வளர்ந்த ஒன்றுக்கு இப்போதாவது ஒரு கதவும் காவலும் வந்தது, எனக்கு இது சரியான முடிவாகவே படுகிறது.

ஏஆர்எம்-64 இதே சிக்கலைக் கொஞ்சம் நிதானமாகக் கையாண்டது. ஃப்ரேமில் 4096 பைட் இடம். அதற்குள் அடையாள எண், அளவு, உள்ளடக்கம் என்று ஒன்றன்பின் ஒன்றாகப் பதிவுகள். தெரியாத பதிவைத் தாண்டிக்கொண்டு போகலாம். எஸ்விஇயில் ஒரு வெக்டர் 2048 பிட் வரை போகலாம், 32 வெக்டர்களுக்கு மட்டுமே 8192 பைட், 4096-இல் அடங்காது. அப்போது மிச்சம் வேறிடத்தில் இருக்கிறது என்று சொல்லும் ஒரு பதிவு மட்டும் உள்ளே இருக்கும். எங்கே எது என்று எண்களை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

உங்கள் நிரலுக்குச் செய்ய வேண்டியது இதுதான். தொடக்கத்திலேயே கெட்-ஆக்ஸ்-வேல் மூலம் கெர்னல் சொல்லும் குறைந்தபட்ச அளவைக் கேளுங்கள். பூஜ்யம் வந்தால் அது பழைய கெர்னல். அப்போது சிபியூஐடியின் 13-ஆம் பிரிவு தரும் அளவோடு 1 கேபி கூட்டிக்கொள்ளுங்கள். அந்த எண் ஃப்ரேமுக்கு மட்டும்தான், உங்கள் ஹேண்ட்லருக்கு அதில் ஒரு பைட்டும் இல்லை. ஹேண்ட்லர் எவ்வளவு ஆழம் போகும் என்று பார்த்து அதற்குமேல் கூட்டுங்கள். பின்தடம் அச்சிடுகிற ஹேண்ட்லர் என்றால் 64 கேபி வைத்தாலும் நான் குறை சொல்ல மாட்டேன். தொடாத பக்கங்களுக்கு யாரும் விலை கொடுப்பதில்லை. ஒரு சிக்னலுக்குள் இன்னொன்று வர அனுமதித்திருந்தால் ஒவ்வொரு அடுக்குக்கும் ஒரு முழு ஃப்ரேம் சேர்க்க வேண்டும். ஸ்டேட்டிக் வரிசையை விட்டுவிட்டு எம்மேப் மூலம் ஒதுக்கி, கீழே ஒரு பக்கத்தைத் தொட முடியாதபடி விடுங்கள். மாற்று ஸ்டாக் த்ரெட் ஒவ்வொன்றுக்கும் தனி என்பதால் ஒவ்வொரு த்ரெட்டும் தன் தொடக்கத்தில் இதைச் செய்ய வேண்டும். நீங்கள் இணைக்கும் நூலகங்களிலும் இந்த அழைப்பு ஒளிந்திருக்கிறதா என்று எஸ்ட்ரேஸ் வைத்துப் பாருங்கள். 2048 என்ற அளவோடு ஒரு சிக்ஆல்ட்ஸ்டாக் அழைப்பு கண்ணில் பட்டால், அந்தச் சர்வரில் அடுத்து விழப்போவது அந்த நூலகத்தின் த்ரெட்தான்.